62க்கு 62: டென்மார்க்கின் முதல்தரக் கால்பந்து லீக் சூப்பர்லிகா 2023-24, கடைசி நாள் கணக்கு

கார்னர்கொடி | 26 மே 2024, இரவு 11.10

கடைசிச் சுற்றுக்கு முன் பிராண்ட்பி 62 புள்ளி, மிட்ஜில்லாண்ட் 62 புள்ளி. பிராண்ட்பிக்குச் சொந்த மைதானம். எதிரே ஐந்தாம் இடத்து ஏஜிஎஃப். ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்கள் இடம் மாறாது. அப்படியும் பிராண்ட்பி 2-3 என்று தோற்றது. அந்தப் பக்கம் மிட்ஜில்லாண்ட் ஆறாம் இடத்து சில்க்போர்க்கிடம் 3-3 டிரா வாங்கி சாம்பியன். உள்ளூரில் டிரா வாங்கியவனுக்குப் பட்டமா? 22 சுற்று முடிந்ததும் பட்டியலை இரண்டாக வெட்டுகிற ஏற்பாடே கோளாறு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

வடகடல் | 26 மே 2024, இரவு 11.55

மறுக்கிறேன். முதலில் இன்றைய கணக்கு. இருவருக்கும் 62. கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பிராண்ட்பி முன்னால். இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவு, ஆக ஒன்பது சேர்க்கை.

பிராண்ட்பி ஜெயித்தால் மூன்றிலும் பட்டம் அவர்களுக்கே (மிட்ஜில்லாண்ட் கோல் மழை பொழிந்தால் தவிர). பிராண்ட்பி டிரா செய்து மிட்ஜில்லாண்ட் டிராவோ தோல்வியோ என்றால் அதுவும் பிராண்ட்பிக்கு. இருவரும் தோற்றாலும் பிராண்ட்பி. ஒன்பதில் ஆறு அவர்கள் கையில். மிட்ஜில்லாண்டுக்கு மூன்றே வழி: தான் ஜெயித்து அவர்கள் டிரா, தான் ஜெயித்து அவர்கள் தோல்வி, தான் டிரா செய்து அவர்கள் தோல்வி. நடந்தது அந்தக் கடைசி வழி. ஏஜிஎஃப் அடித்த மூன்றாவது கோல் விழாமல் 2-2 என்று முடிந்திருந்தால் 63க்கு 63, கோல் வித்தியாசத்தில் பிராண்ட்பி சாம்பியன். ஒரு கோல், ஒரு புள்ளி, ஒரு பட்டம். இதில் பட்டியலை வெட்டியது எங்கே குறுக்கே வந்தது?

வடகடல் | 27 மே 2024, காலை 7.20

ராத்திரி அவசரத்தில் ஏற்பாட்டை விளக்காமல் விட்டுவிட்டேன். 12 அணி. ஒவ்வொருவரும் மற்ற 11 பேரோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று: 22. பிறகு மேல் ஆறு ஒரு கட்டு, கீழ் ஆறு ஒரு கட்டு. கட்டுக்குள் மறுபடி அதே மாதிரி: 10. ஆக 32. புள்ளியும் கோலும் அப்படியே கூட வரும், எதுவும் அழியாது. மொத்த ஆட்டங்கள் 132 + 30 + 30 = 192. அதற்கு மேல், அடுத்த சீசன் ஐரோப்பிய கிளப் போட்டிகளில் ஆடும் இடத்துக்கான ஒற்றை பிளேஆஃப் ஆட்டம் ஒன்று.

ஸ்காட்லாந்தோடு போட்டுக் குழப்பக்கூடாது. அங்கே 33 ஆட்டத்துக்குப் பின் வெட்டி 5 ஆட்டம் வைப்பார்கள். ஒரு எதிரியை அவன் ஊரில் மூன்று தடவை, நம் ஊரில் ஒரே தடவை என்று சிலருக்கு மாட்டும். டென்மார்க்கில் மேல்கட்டில் யாரோடு யார் மோதினாலும் நாலு ஆட்டம். இரண்டு இங்கே, இரண்டு அங்கே. அந்த வகையில் இது சுத்தம்.

முக்கியமான விஷயம் வேறு. மேல்கட்டு அணி ஒன்று தன் ஆட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கை அதே ஐந்து பேரோடு ஆடுகிறது. சாம்பியனின் புள்ளி குறைவதற்கு அதுதான் காரணம்.

இரண்டாம்பந்து | 27 மே 2024, காலை 9.05

மூன்றில் இரண்டு இல்லை அண்ணே. ஐந்து பேர், நாலு தடவை, 20 ஆட்டம். 32ல் 20 என்றால் 62.5 சதவீதம். மூன்றில் இரண்டு என்றால் 21க்கு மேல் வரவேண்டும்.

வடகடல் | 27 மே 2024, காலை 9.30

சரிதான், 62.5. திருத்திக்கொள்கிறேன். ஆனால் வாதம் நிற்கிறது. 2016-17லிருந்து 2019-20 வரை 14 அணி. 26 சுற்றுக்குப் பின் மேல் ஆறு பிரிந்து 10 ஆட்டம், மொத்தம் 36. அப்போதும் மேல்கட்டு எதிரிகளோடு 20 ஆட்டம்தான்; மற்ற எட்டு பேரோடு 16 ஆட்டம். 36ல் 20 என்றால் 55.6 சதவீதம். அந்த நாலு சீசன் சாம்பியன் புள்ளிகள்: 84, 85, 82, 82. இந்த ஆண்டு 32 ஆட்டத்தில் 63.

ஆட்டக் கணக்கு வேறு என்பதால் சதவீதமாகப் பாருங்கள். 2017-18ல் மிட்ஜில்லாண்ட் 108க்கு 85, அதாவது 78.7. இப்போது அதே அணி 96க்கு 63, அதாவது 65.6. முன்பு சாப்பிட எளிதாக எட்டு அணி இருந்தது, 2020-21லிருந்து ஆறுதான். பந்தியில் இலை குறைந்துவிட்டது.

கார்னர்கொடி | 27 மே 2024, மதியம் 1.15

அப்போ வெட்டுவதால் பட்டம் மலிவாகிறது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

வடகடல் | 27 மே 2024, மதியம் 1.40

மலிவாகவில்லை, நெருக்கமாகிறது. ஒரே ஐந்து பேர் ஒருவரிடம் ஒருவர் புள்ளி பிடுங்கிக்கொண்டே இருந்தால் யாரும் தப்பி ஓட முடியாது. 2020-21ல் இதே பிராண்ட்பி 61, மிட்ஜில்லாண்ட் 60. 2021 மே 24 அன்று கடைசி ஆட்டத்தில் நார்ட்சியெலன்டை 2-0 வென்று, 2005க்குப் பிறகு முதல் பட்டம். 2021-22ல் கோபன்ஹேகன் 68, மிட்ஜில்லாண்ட் 65. அதுவும் கடைசி நாள்தான். 2022-23ல் மட்டும் கோபன்ஹேகன் ஒரு சுற்று மீதமிருக்கும்போதே முடித்தது, அதுவும் 59 புள்ளியோடு. மூன்று வருடம் முன்னால் ஒரு புள்ளி உங்கள் பக்கம் விழுந்தபோது ஏற்பாடு கோளாறாகத் தெரியவில்லையே!

வடகடல் | 28 மே 2024, இரவு 9.10

வெற்றி, டிரா, தோல்வியைத் தனித்தனியே எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை.

மிட்ஜில்லாண்ட் 19-6-7, 63 புள்ளி. பிராண்ட்பி 18-8-6, 62. கோபன்ஹேகன் 18-5-9, 59. நார்ட்சியெலன்ட் 16-10-6, 58.

சாம்பியன் ஏழு ஆட்டம் தோற்றிருக்கிறது. இரண்டாம் இடமும் நாலாம் இடமும் ஆறுதான். இப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற பழைய கணக்கில் போடுங்கள்: மிட்ஜில்லாண்ட் 38 + 6 = 44. பிராண்ட்பி 36 + 8 = 44. சமம்! கோல் வித்தியாசம் பார்த்தால் பட்டம் பிராண்ட்பிக்கு. கார்னர்கொடி, உங்களுக்குக் கோபம் வரவேண்டிய இடம் பட்டியலை வெட்டியது அல்ல, வெற்றிக்கு மூன்று புள்ளி என்பதுதான். டென்மார்க்கில் அது 1995-96ல் வந்தது. இருபத்தொன்பது வருடம் தாமதமாகப் புகார் கொடுங்கள்.

இரண்டாம்பந்து | 28 மே 2024, இரவு 9.45

இந்த மாதிரி திருப்பிப் போடுவதில் ஒரு ஓட்டை உண்டு. மூன்று புள்ளி என்று தெரிந்துதான் 70ஆம் நிமிடத்துக்கு மேல் டிஃபன்டரை எடுத்துவிட்டு ஸ்டிரைக்கரை இறக்குகிறார்கள். இரண்டு புள்ளிக் காலமாக இருந்தால் அதே ஆட்டத்தை டிராவோடு மூடியிருப்பார்கள். விதி மாறினால் ஆட்டமும் மாறும், முடிவை மட்டும் எடுத்து வேறு விதியில் ஊற்ற முடியாது.

வடகடல் | 28 மே 2024, இரவு 10.00

ஒத்துக்கொள்கிறேன். வேடிக்கை என்றுதானே சொன்னேன்.

அதே வேடிக்கையில் இன்னொன்று: புள்ளியைப் பாதியாக்குவது. சூப்பர்லிகா 1991 வசந்தத்தில் 10 அணியோடு தொடங்கியது. 1991-92லிருந்து 18 சுற்று ஆடி, மேல் எட்டு பேர் வசந்தத்தில் பாதிப் புள்ளியோடு மறுபடி மோதுவார்கள். இலையுதிர் காலம் முழுக்க உழைத்துச் சேர்த்த முன்னிலை பனிக்காலத்தில் பாதியாகக் கரைந்துவிடும். 1995-96 வரை இது ஓடியது. இன்றைய ஏற்பாட்டைத் திட்டுபவர்கள் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

வடகடல் | 29 மே 2024, காலை 6.50

திருத்தம். பாதிப் புள்ளி 1994-95 வரைதான். 1995-96லிருந்து 12 அணி, எல்லோரும் எல்லோரோடும் மூன்று தடவை, 33 சுற்று. மூன்று புள்ளியும் அதே ஆண்டு வந்ததால் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். அந்த 33 சுற்றுக்காரர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு: 33 ஒற்றைப்படை. சிலருக்கு உள்ளூரில் 17, சிலருக்கு 16. 2015-16 வரை அப்படியே ஓட்டினார்கள்.

கார்னர்கொடி | 29 மே 2024, காலை 10.30

எல்லாம் சரி. ஏஜிஎஃப்புக்கும் சில்க்போர்க்குக்கும் கடைசி நாளில் எதுவும் மிச்சமில்லையே, அதற்கு என்ன பதில்? பட்டத்தை முடிவு செய்தது வேலையற்ற இரண்டு அணி.

வடகடல் | 29 மே 2024, மாலை 6.15

இந்தக் கேள்விக்குத்தான் பலம் இருக்கிறது. இரண்டு அணியும் மே 9 அன்று டேனிஷ் கோப்பை இறுதியில் ஒன்றோடொன்று மோதியவை. சில்க்போர்க் 2-1. அதனால் சில்க்போர்க்கின் கையில் ஐரோப்பா டிக்கெட், ஏஜிஎஃப்பின் கை காலி. லீக்கில் இருவருக்கும் மேலேயும் வழியில்லை, மேல்கட்டிலிருந்து யாரும் கீழே இறங்கப்போவதும் இல்லை. ஆறு பேர் கட்டில் இரண்டு பேர் ஏப்ரலிலேயே பின்தங்கிவிட்டால் கடைசி நாலு சுற்றில் இப்படிப்பட்ட ஆட்டங்கள் தவிர்க்க முடியாதவை. ஏற்பாட்டின் உண்மையான ஓட்டை இதுதான்.

ஆனால் அந்த ஓட்டையில் விழுந்தது யார்? 'வேலையற்ற' இரண்டு அணியும் பட்டத்துக்கு நின்ற இரண்டு அணி மீதும் தலைக்கு மூன்று கோல் போட்டன. பயம் இல்லாத அணி முன்னால் ஏறி ஆடும், பின்னால் இடம் விடும். பதற்றத்தில் இருக்கும் அணிக்கு அந்த இடம் ஆசை காட்டும்; இவர்களும் ஏறுவார்கள். இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். 2-3, 3-3 என்கிற எண்களைப் பார்த்தாலே புரியும். இறங்காமல் தப்பிக்கப் போராடும் அணியாக இருந்திருந்தால் பத்து பேரை பாக்ஸுக்குள் அடைத்து 0-0க்கு ஆடியிருக்கும்.

இரண்டாம்பந்து | 29 மே 2024, மாலை 7.00

ஒரு சின்ன விஷயம், யாரும் கோபிக்க வேண்டாம். பிராண்ட்பியில் 'ட்' கிடையாது. டேனிஷ்காரர் 'ப்ரன்பி' என்பதுபோல் சொல்வார். மிட்ஜில்லாண்டும் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தது. 'மித்யுலன்' அருகில் வரும். ஓர்ஹூஸ் ஊரின் அணிதான் ஏஜிஎஃப். விடோவ்ரெ அணியின் பெயரை டேனிஷில் எழுதும்போது முன்னால் நிற்கும் 'ஹ்' வெறும் அலங்காரம்.

வடகடல் | 29 மே 2024, மாலை 7.20

இனி ப்ரன்பி, மித்யுலன். லுங்பி அணியின் பெயரை மட்டும் கவனமாகத் தட்டுங்கள். கைபேசி அதை லுங்கி ஆக்கிவிடுகிறது.

பெயர் பேச்சு வந்ததால்: லீக்கின் முழுப்பெயரில் முன்னால் ஒட்டியிருக்கும் 3எஃப் பீர் கம்பெனியோ சூதாட்டக் கம்பெனியோ இல்லை. அது தொழிற்சங்கம். சங்கம் ஸ்பான்சர் செய்கிற முதல்தர லீக் வேறு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மித்யுலன் ஊர் அல்ல, வட்டாரம். 1999ல் இகாஸ்ட், ஹெர்னிங் ஃப்ரெமத் என்ற இரண்டு பக்கத்து ஊர் கிளப்புகள் சேர்ந்து பிறந்தது. மைதானம் ஹெர்னிங்கில், சுமார் பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும். அதே ஹெர்னிங்கில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய சித்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. ஒன்பதில் மூன்று வழியோடு கடைசி நாளில் இறங்கிய அணிக்குப் பக்கத்தில் விக்னம் தீர்ப்பவர் குடியிருந்தார் என்பதை இரண்டாம்பந்து எந்தச் சதவீதத்தில் சேர்ப்பார்?

இரண்டாம்பந்து | 29 மே 2024, மாலை 7.25

உள்ளூர் ஆட்ட அனுகூலத்தில்.

வடகடல் | 1 ஜூன் 2024, காலை 8.00

நேற்று பிளேஆஃப் முடிந்தது. கோபன்ஹேகன் 2, ராண்டர்ஸ் 1. இந்த முறை மூன்றாம் இடத்து அணியும் கீழ்க்கட்டின் முதல் அணியும் ஒரே ஆட்டத்தில் மோதின. ஜெயித்தவருக்கு ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. 59 புள்ளி எடுத்தவன் ஏழாம் இடத்தவனோடு மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கார்னர்கொடி புகார் சொல்ல வேண்டிய இன்னொரு இடம் இது.

இந்த ஏழாம் இடம் செத்துப்போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 22ஆம் சுற்றில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் விழும் கோடு மிகக் கொடியது. கோட்டுக்குக் கீழே விழுந்தால் அடுத்த பத்து ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தாலும் ஏழாம் இடத்துக்கு மேல் போக முடியாது. அப்படி விழுந்தவர் யார் தெரியுமா? போன சீசனில் இதே மித்யுலன். 2023 மார்ச்சில் பயிற்சியாளர் ஆல்பர்ட் கபெயாஸை நீக்கி ராண்டர்ஸிலிருந்து தாமஸ் தாமஸ்பெர்கைக் கொண்டுவந்தார்கள். கீழ்க்கட்டில் முதலிடம், பிளேஆஃபில் விபோர்கை வென்று ஐரோப்பா. அடுத்த மே மாதம் சாம்பியன்.

கோபன்ஹேகன் எங்கே விட்டது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஐரோப்பாவில் மட்டும் 14 ஆட்டம்: தகுதிச் சுற்றில் ஆறு, சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் ஆறு, மான்செஸ்டர் சிட்டியோடு இரண்டு. நவம்பர் 8 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 4-3 என்று வென்ற இரவில் கடைசி கோல் 17 வயது ரூனி பர்தக்ஜியுடையது. அந்த இரவுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்பது தோல்வி.

பனிக்கால இடைவெளியையும் சேருங்கள். 17 சுற்று முடிந்து டிசம்பர் தொடக்கத்தில் லீக் நிற்கும், பிப்ரவரி நடுவில் மீண்டும் தொடங்கும், 5 சுற்று ஆடி பட்டியல் வெட்டப்படும். கோபன்ஹேகன் டிசம்பர் 12ல் கலாத்தசராயை 1-0 வென்றது. அதற்கடுத்த போட்டி ஆட்டம் பிப்ரவரி 13, எதிரே சிட்டி. இரண்டு மாதம் பயிற்சி ஆட்டத்திலேயே இருந்துவிட்டு நேராக அந்த மேடை. இரண்டு ஆட்டமும் 1-3.

இரண்டாம்பந்து | 9 ஜூன் 2024, மாலை 4.40

மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். கீழே ஓபி இறங்கியதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதன் ஊர் ஓதென்ஸ, நாட்டின் மூன்றாவது பெரிய ஊர். 1977, 1982, 1989 சாம்பியன். 1999லிருந்து 25 சீசன் விடாமல் மேல்தட்டில் இருந்த கிளப். கீழ்க்கட்டில் கடைசி இருவர் நேராக இறங்க வேண்டும், மறுவாய்ப்பு ஆட்டம் கிடையாது. ஓபியோடு இறங்கியது விடோவ்ரெ, ஏறி ஒரே வருடத்தில். அதுவும் மூன்று தடவை சாம்பியன் ஆன கிளப்தான். பீட்டர் ஷ்மைக்கெல் ப்ரன்பிக்குப் போகும் முன் கோல் காத்தது அங்கேதான்.

கீழ்க்கட்டில் ஒரு பொதுவான தப்புக்கணக்கு உண்டு. 'பத்து ஆட்டம் இருக்கிறதே' என்பார்கள். ஆனால் எதிரிகளும் அதே பள்ளத்தில் இருப்பவர்கள். உன் ஒவ்வொரு தோல்வியும் பக்கத்தவனுக்கு மூன்று புள்ளி. மேல்கட்டு அணிகளிடம் தோற்றால் இழப்பு உன்னோடு முடியும். இங்கே இரட்டை இழப்பு.

வடகடல் | 29 ஆகஸ்ட் 2024, இரவு 10.30

சாம்பியனுக்கு நேற்றோடு சாம்பியன்ஸ் லீக் கதை முடிந்தது. அந்தோராவின் சாந்தா கொலோமா, ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஷ் இரண்டையும் தாண்டி, கடைசிப் படியில் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா. உள்ளூரில் 1-1, வெளியூரில் 2-3. இனி அதற்கு அடுத்த நிலையான யூரோப்பா லீக். 3 கோல் வாங்குகிற பழக்கம் மே மாதத்தோடு போகவில்லை.

கார்னர்கொடி | 25 மே 2025, இரவு 11.30

ஒரு வருடம் கழித்து இங்கேயே திரும்பி வருகிறேன். கோபன்ஹேகன் 63. மித்யுலன் 62. கடைசி நாள். எண்களைக் கூட மாற்றவில்லையே!

வடகடல் | 25 மே 2025, இரவு 11.50

பார்த்தேன். கோபன்ஹேகன் கடைசி ஆட்டத்தில் நார்ட்சியெலன்டை 3-0 வென்று முடித்தது. போன வருடம் 63 எடுத்து சிரித்த அணி இந்த வருடம் 62ல் நிற்கிறது.

2024 மே 27ல் எழுதியதோடு இதையும் சேர்த்தால், இந்த ஏற்பாடு வந்த ஐந்து சீசனில் நாலு கடைசி நாளுக்குப் போயிருக்கின்றன. அந்த நாலிலும் கடைசிவரை நின்ற ஒரே அணி மித்யுலன்: 60, 65, 63, 62. ஜெயித்தது ஒன்றே ஒன்று.

கார்னர்கொடி | 26 மே 2025, காலை 7.00

என் பழைய புகாரில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். 32 சுற்று ஆடி ஒரு புள்ளியில் முடிவது மூன்றாவது தடவை என்றால் அது விபத்து இல்லை. 'வேலையற்ற எதிரி' புகார் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

வடகடல் | 30 மே 2025, காலை 6.40

அது இருக்கட்டும், அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

நேற்று கோப்பை இறுதியிலும் கோபன்ஹேகன், சில்க்போர்க்கை 3-0. இரட்டைப் பட்டம். லுங்பியும் ஆல்போர்க்கின் ஆஆபியும் இறங்கின. ஓபி ஒரே வருடத்தில் ஏறிவிட்டது. கூடவே ஃபிரெடரிசியா, மேல்தட்டுக்கு முதல் தடவை. கைபேசி அந்தப் பெயரை என்ன செய்கிறது என்று ஜூலையில் பார்க்கலாம்.